மார்க் ஈ. ஸ்மித் (1957–2018): ‘தி ஃபால்’ கேட்டவர்கள் பேசும் இழை

ஒலிநாடா | 25 ஜனவரி 2018, காலை

செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும். நேற்று 24ஆம் தேதி, மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச்சில், தன் வீட்டிலேயே காலமாகிவிட்டார் ‘தி ஃபால்’ ராக் குழுவின் தலைவர் மார்க் ஈ. ஸ்மித். வயது 60. குழுவின் மேலாளர்தான் அறிவித்திருக்கிறார். காரணம் இன்னும் சொல்லவில்லை. போன வருடக் கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாடிய படங்களைப் பார்த்தவர்கள் ஓரளவு எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள். கடைசி நிகழ்ச்சி நவம்பர் 4, கிளாஸ்கோவில்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம். 1976 கோடையில் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்ததைப் பார்த்துவிட்டு, ‘இதைவிட நாமே நன்றாகச் செய்யலாமே’ என்று கிளம்பிய கூட்டத்தில் இவரும் ஒருவர். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. நண்பர்கள் மார்ட்டின் பிராமா, ஊனா பெய்ன்ஸ், டோனி ஃபிரியல் ஆகியோருடன் ஆரம்பித்த குழு தி ஃபால். பெயர் ஆல்பெர் காம்யுவின் நாவலிலிருந்து எடுத்தது. முதல் ஆல்பம் 1979, கடைசி ஆல்பம் 2017. நடுவில் முப்பது ஸ்டூடியோ ஆல்பத்துக்கு மேல், வந்துபோன கலைஞர்கள் அறுபது பேருக்கு மேல். தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தது ஒரே ஆள்.

அவரைப் பாடகர் என்று சொல்லலாமா என்பதில் இந்த மன்றத்திலேயே பழைய சண்டை உண்டு. மேலே ஏறிப் பாடவும் மாட்டார், கீழே இறங்கவும் மாட்டார். பேசுவார், கத்துவார், முணுமுணுப்பார். வரியின் கடைசிச் சொல்லில் ஒரு ‘அ’வை ஒட்டி இழுப்பார். ஏலம் விடுகிறவர் பாதியில் தன் சொந்தக் கோபத்துக்குப் போய்விட்டது போல இருக்கும். ஆனால் இரண்டு நொடி கேட்டால் போதும், இது வேறு யாருமில்லை என்று தெரிந்துவிடும்.

ஞாபகம் இருப்பதைப் போடுங்கள். புகழுரை மட்டும்தான் வேண்டும் என்றில்லை.

மழைநகரம் | 25 ஜனவரி 2018, மதியம்

நான் இருப்பது மான்செஸ்டரில்தான். இங்கே ரேடியோவில் ஃபால் பாட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் இருந்த காலத்தில் இவ்வளவு போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் அவ்வளவாக விளங்குவதில்லை. மான்செஸ்டர் இசை என்றால் எல்லோரும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம், அதன் ஜாய் டிவிஷன் குழு, அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று போய்விடுவார்கள். ஸ்மித் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. ஃபேக்டரியில் ஃபால் ஒரு ரெக்கார்டும் போடவில்லை. அவர் பிறந்தது சால்ஃபோர்டு, வளர்ந்தது பிரெஸ்ட்விச். பெயர் வந்த பிறகும் அங்கேயேதான் இருந்தார். பேட்டி எடுக்க வருகிறவர்கள் அவர் இருக்கும் பப்பைத் தேடிப் போகவேண்டும்.

2000களின் நடுவில் அவரை மேடையில் பார்த்திருக்கிறேன். லெதர் ஜாக்கெட், அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரிச் சட்டை. மேடைக்கு வருவதே மூன்றாவது நான்காவது நிமிஷத்தில்தான். அதுவரைக்கும் குழு ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டை) வாசித்துக்கொண்டே நிற்கும். வந்து இரண்டு வரி சொல்லிவிட்டு நேரே கிட்டார்காரரின் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) பக்கம் போனார், குனிந்து ஏதோ ஒரு திருகைத் திருப்பினார், கிட்டார் சத்தம் பாதியாகிவிட்டது. கிட்டார்காரர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஸ்மித் டிரம்ஸ் பக்கம் நகரும் வரை பார்த்திருந்து, காலை ஒரு எட்டுப் பின்னால் வைத்து, விரலால் பழைய இடத்துக்கே திருப்பினார். அதற்குள் அங்கே ஒரு மைக்கைப் பிடுங்கி டிரம்முக்குள் போட்டாயிற்று. இதெல்லாம் குடிபோதைக் கூத்து என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசிப்பவர்கள் கை பழகிய தடத்திலேயே போகக்கூடாது என்று மனுஷர் வேலை செய்துகொண்டிருந்தார்.

சுண்ணாம்பு | 25 ஜனவரி 2018, மாலை

இறந்த மறுநாளே சொல்வதற்கு மன்னிக்கவும். ஆனால் ‘புகழுரை மட்டும் வேண்டாம்’ என்று இழை தொடங்கியவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

ஆம்ப் திருகைத் திருப்புவது கலை என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம்? 1998 ஏப்ரலில் நியூயார்க்கில் மேடையிலேயே டிரம்மர் கார்ல் பர்ன்ஸுடன் அடிதடி. அடுத்து, குழுவில் கீபோர்டு வாசித்த பெண்ணை ஹோட்டலில் தாக்கியதாகக் கைது. அந்தப் பெண் அப்போது அவருடைய காதலியும்கூட. பத்தொன்பது வருடம் உடன் நின்ற பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹான்லி அதோடு வெளியேறினார். கிட்டார்காரர் மார்க் ரைலியை அவர் கல்யாண நாளன்றே நீக்கினார் என்பார்கள். சாலட் ஆர்டர் செய்த ஒலிப்பொறியாளரை அனுப்பிவிட்ட கதையை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். நம் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இப்படி இருந்தால் சிரிப்போமா?

‘நானும் உங்கள் பாட்டியும் போங்கோ தட்டினாலும் அது ஃபால்தான்’ என்கிற பொருளில் அவர் சொன்னது பிரபலம். அறுபது பேரின் உழைப்பை ஒரு கிண்டலில் துடைத்துவிட்டார். அதை நாமும் மேற்கோள் காட்டிக்கொண்டு திரிகிறோம்.

பேஸ்வரி | 25 ஜனவரி 2018, இரவு

சுண்ணாம்பு, கடைசிப் பத்தியில் நான் உங்கள் கட்சி.

நான் பேஸ் வாசிக்கிறவன். ஃபாலுக்குள் வந்ததே ஹான்லியால்தான், ஸ்மித்தால் இல்லை. ‘ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்’ (1982) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரம்மர்: கார்ல் பர்ன்ஸும் ஹான்லியின் தம்பி பாலும். இரண்டு கிட்டார்: கிரெய்க் ஸ்கான்லன், மார்க் ரைலி. இத்தனை பேருக்கு நடுவில் ஹான்லி நாலைந்து சுரத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டார். அலங்காரம் கிடையாது, வேகமாக ஓடிக்காட்டுவது கிடையாது. தடித்த தந்தியை அடித்து வாசிக்கிற அந்தச் சத்தம் ஒரு பாட்டில் இரண்டாம் கிட்டார் மாதிரி மேலே வரும், இன்னொன்றில் தரை மாதிரி கிடக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்மித் தாளத்துக்குள் நிற்கிறவர் இல்லை. அரை மாத்திரை பிந்தி வருவார், வரியை அடுத்த சுற்றுக்குள் தள்ளுவார், சில சமயம் சுற்று முழுக்க விட்டுவிட்டுத் திரும்பி வந்து இரண்டு வரியை ஒரே மூச்சில் கொட்டுவார். பின்னால் வாசிப்பவர்களும் அவரைத் தொடர்ந்து ஆட ஆரம்பித்தால் எல்லாம் சரிந்துவிடும். அவர்கள் அசையாததால்தான் அவர் அசைய முடிந்தது. பாட்டியும் போங்கோவும் வைத்துக்கொண்டு அந்த ஆல்பத்தின் ‘ஹிப் ப்ரீஸ்ட்’ பாட்டைப் பாடியிருக்க முடியாது.

(‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ படத்தின் கடைசியில், நிலவறைக் காட்சியில் கேட்கிற பாட்டு அதுதான். 1991இல் பலர் ஃபாலைக் கேட்டதே அங்கேதான்.)

ஒலிநாடா | 25 ஜனவரி 2018, இரவு

பேஸ்வரி சொல்வது அந்த வரிசைக்குப் பொருந்தும். ஆனால் ஹான்லி போன பிறகும் இருபது வருடம் குழு ஓடியதே? 2005இல் வந்த ‘ப்ளைண்ட்னெஸ்’ பாட்டை எடுங்கள். வாசித்தவர்களில் ஒருவர்கூட எண்பதுகளின் ஆள் இல்லை. ஆனால் அந்த பேஸ் ரிஃப், ஏழு நிமிடம் விடாத அடி, மேலே அவருடைய உறுமல், எல்லாம் அச்சு அசல் ஃபால். பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலுக்காக 2004 ஆகஸ்டில் வாசித்த வடிவம் ஆல்பத்தைவிடவும் கடுமை.

பீல் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். 1978 முதல் 2004 வரை பிபிசியில் அவருடைய நிகழ்ச்சிக்காக ஃபால் 24 செஷன் (வானொலிக்கென்றே செய்யும் பதிவு) வாசித்தது. மொத்தம் 97 பாட்டு. 2005இல் ஆறு சிடி பெட்டியாக வந்தது. எப்போதும் வேறு மாதிரி, எப்போதும் ஒரே மாதிரி என்று பீல் இவர்களைப் பற்றிச் சொன்னதற்கு அந்தப் பெட்டிதான் சாட்சி. ஒரே வானொலி, ஒரே மாதிரி நேர அளவு, ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆல்பங்களில் தயாரிப்பாளர் பூசிய பூச்சு எதுவும் இதில் இல்லாததால், யார் போனார்கள் யார் வந்தார்கள் என்பதைக் காதாலேயே பிடிக்கலாம். நான் ஒரு ஃபால் பொருள் மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

2004 அக்டோபரில் பீல் இறந்தபோது பிபிசி நியூஸ்நைட் ஸ்மித்தைக் கூப்பிட்டது. கண்ணீர் எதிர்பார்த்தார்கள். மனுஷர் முகத்தைக் கோணிக்கொண்டு, கண்ணை உருட்டி, ஏதோ சொல்லி, நேயர்களைக் கலவரப்படுத்திவிட்டுப் போனார். இன்று நாம் எழுதுவதைப் பார்த்தாலும் அதே முகம்தான் காட்டியிருப்பார்.

மூணாவது_டிரம்மர் | 26 ஜனவரி 2018

எனக்குப் பிடித்த கதை 2006 அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஃபீனிக்ஸ் நகரில் மேடையில் ஸ்மித் மேல் ஒரு வாழைப்பழத்தோல் வந்து விழுந்தது. எறிந்தவர், உடன் பயணம் வந்த குழுவின் ஆள். அன்றோடு ஃபாலின் மூன்று பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஸ்மித்தும் கீபோர்டு வாசிக்கும் மனைவி எலேனா பூலூவும். பயணத்தை ரத்து செய்வார்கள் என்று பார்த்தால், அங்கேயே கிடைத்த அமெரிக்கப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு மிச்ச ஊர்களையும் முடித்தார். அதோடு விடவில்லை, அடுத்த ஆல்பத்தையும் அவர்களை வைத்தே போட்டார்.

சினிமாவில் ஹீரோ கோபித்துக்கொண்டு போனால் படம் நிற்கும். இங்கே ஹீரோவைத் தவிர எல்லோரும் போனார்கள்.

அப்புறம் 2005 நவம்பரில் பிபிசியின் ‘ஃபைனல் ஸ்கோர்’ நிகழ்ச்சியில் கால்பந்து முடிவுகளை வாசித்ததை யூடியூபில் பாருங்கள். அப்போது அவர்கள் பாட்டுதான் நிகழ்ச்சிக்கு முகப்பிசை. ஆளோ தீவிர மான்செஸ்டர் சிட்டி ரசிகர். அணிப் பெயர்களையும் கோல் எண்ணிக்கையையும் வாசிப்பதில்கூட அது ஃபால் பாட்டு மாதிரியே கேட்கும்.

புதுக்காது | 26 ஜனவரி 2018

வணக்கம். இந்த இழையைப் பார்த்துத்தான் முதல் முறையாகக் கேட்கிறேன். ஒருவர் சொன்னாரே என்று நேரே ‘ஹெக்ஸ்’ போட்டேன். ஒரு மணி நேரம். பாதியில் அம்மா கதவைத் தட்டி, யாருடன் சண்டை என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்கிறேன், கிண்டல் இல்லை: இதில் எதைக் கேட்கவேண்டும்? வார்த்தைகளையா? பாதி புரியவில்லை.

மழைநகரம் | 26 ஜனவரி 2018

தம்பி, இங்கே பிறந்தவர்களுக்கும் பாதி விளங்குவதில்லை. அதை முதலில் விடுங்கள். அவர் கதை சொல்கிறவர். ஆனால் கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து வாசிப்பார். எம். ஆர். ஜேம்ஸ், ஆர்தர் மாக்கன், லவ்கிராஃப்ட் மாதிரிப் பேய்க்கதைக்காரர்கள் மேல் பைத்தியம். அந்தப் பேய்களைக் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் பப்பிலும் நிற்கவைத்தார். ஒரு சொல் பிடிபட்டால் அதோடு போய்க்கொண்டிருங்கள்.

‘ஹெக்ஸ்’ முதல் ஆல்பமாகக் கேட்க வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதியை ஐஸ்லாந்தில் பதிவு செய்தார்கள். ‘ஐஸ்லாந்து’ என்ற பாட்டு அங்கேயே அந்த நேரத்தில் பிறந்தது. ஸ்மித் ஹோட்டல் அறை ஜன்னலுக்கு வெளியே அடித்த காற்றை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஸ்டூடியோவில் பியானோவும் பாஞ்சோவும் எதையோ தேடிக்கொண்டிருக்க, அந்தக் கேசட்டை ஓடவிட்டு அதன் மேலேயே பாடிவிட்டார். மற்றவர்களுக்கு வார்த்தை என்னவென்று முன்பே தெரியாது. எல்லாம் முடித்த பிறகு, இரவில் ஹெட்போனில் அதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

சுண்ணாம்பு | 26 ஜனவரி 2018

அதே ஆல்பத்தின் முதல் பாட்டில், தொடக்கத்திலேயே, கறுப்பர்களைக் குறிக்கும் இழிசொல் வருகிறதே, அதை யாரும் சொல்லமாட்டீர்களா? மோட்டவுன் ரெக்கார்டு நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளை இவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது, இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றது என்ற கதையும் உண்டு. கறுப்பினக் கலைஞர்கள் கட்டிய பெயர் மோட்டவுன். அவர்களுக்கு இதை அனுப்பினால் வேறென்ன சொல்வார்கள்?

மழைநகரம் | 26 ஜனவரி 2018

சொல்லவேண்டியதுதான். அந்தப் பாட்டு, தங்களை முற்போக்கு என்று நினைத்துக்கொள்ளும் ஆட்களைக் கிண்டல் பண்ணுகிறது, அந்த வரி அவர்கள் குரல், அவர் குரல் இல்லை என்று ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் இந்த நாட்டில் தெருவில் வேறொரு இழிசொல்லைக் கேட்டு நடந்த எனக்கு, அந்த இடம் வரும்போது இன்றைக்கும் கை வால்யூமுக்குப் போகும். விளக்கம் தெரிந்திருப்பதால் கை நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்தேதான் அந்த ஆல்பம் என்னிடம் இருக்கிறது.

பேஸ்வரி | 27 ஜனவரி 2018

புதுக்காது, நீங்கள் ‘திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ்’ (1985) எடுங்கள். தயாரிப்பு ஜான் லெக்கி. அமெரிக்காவிலிருந்து வந்த பிரிக்ஸ், ஸ்மித்தின் அப்போதைய மனைவி, கிட்டாரில் மெட்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்த காலம். அதுவரை ஃபாலில் மெட்டு கிட்டத்தட்டக் குற்றம்.

அதில் ‘பெயின்ட்வொர்க்’ என்று ஒரு பாட்டு. நடுவில் திடீரென்று இசை அறுந்து, டிவியில் யாரோ விண்மீன்களைப் பற்றிப் பாடம் நடத்துவது மாதிரிக் கேட்கும், திரும்பப் பாட்டு வரும். உங்கள் ஃபோன் கெட்டுப்போகவில்லை. பாட்டு இருந்த கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோன ஸ்மித், தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அமுக்கிவிட்டார். அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவி அதில் பதிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் திரும்பப் பதிவு செய்திருப்பார்கள். இவர் அதை அப்படியே ஆல்பத்தில் சேர்த்துவிட்டார். இது ஒன்றுக்காக நான் அவருக்குப் பாதி சண்டையை விட்டுக்கொடுப்பேன். ஹான்லிக்கு அந்த யோசனை வந்திருக்காது.

மூணாவது_டிரம்மர் | 27 ஜனவரி 2018

பிரிக்ஸ் காலம் என்றால் 1988 பாலேயை விடக்கூடாது. மைக்கேல் கிளார்க் நடனம், ஃபால் மேடையிலேயே வாசிப்பு, கதை இங்கிலாந்து அரியணை ஏறிய ஆரஞ்சு வில்லியம் பற்றியது. ராட்சச ஹாம்பர்கர் ஒன்றின் மேல் பிரிக்ஸ் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். நான் கற்பனை செய்து எழுதவில்லை.

புதுக்காது | 29 ஜனவரி 2018

1985 ஆல்பம் வேலை செய்தது. நாலைந்து தடவை ஆகிவிட்டது. அந்த டிவி குரல் வரும் இடத்துக்காகவே காத்திருக்கிறேன். பாடகர் எங்கே நுழைவார் என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்கிறேன், தெரிந்த பாட்டிலும் தப்பாகிறது. ஹான்லி கட்சியில் சேர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

ஒலிநாடா | பிப்ரவரி 2018

குடும்பத்தார் அறிக்கை வந்திருக்கிறது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் புற்றுநோய். அப்படியென்றால் கடைசி மாதங்களின் நிகழ்ச்சிகளை அவர் எந்த நிலையில் செய்தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் ரத்தானபோது, ‘குடித்துவிட்டு ஏமாற்றுகிறார்’ என்று இதே மன்றத்தில் எழுதினார்கள். பெயர் சொல்லவில்லை.

சுண்ணாம்பு | பிப்ரவரி 2018

எழுதியவர்களில் நான் இல்லை. ஆனாலும் தலை குனிகிறேன். 1998 பற்றி எழுதியதை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

மழைநகரம் | 2019

பிரெஸ்ட்விச் பக்கம் வருகிறவர்களுக்கு: அங்கே ஒரு சிப்ஸ் கடையின் பக்கச் சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்திருக்கிறார்கள். சிலை, அருங்காட்சியகம் என்று போகாமல் மீனும் சிப்ஸும் பொரிக்கும் இடத்தில் வைத்தது நல்ல முடிவு. பார்க்கப் போகிறவர்கள் வரிசையில் நிற்பவர்களை மறைக்காமல் படம் எடுங்கள், கடைக்காரர் பாவம்.

பேஸ்வரி | மே 2023

பழைய இழையைத் தோண்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஹவுஸ் ஆஃப் ஆல்’ என்ற புதுக் குழுவின் ஆல்பம் கேட்டீர்களா? முதல் நாளிலிருந்த மார்ட்டின் பிராமா, ஸ்டீவ் ஹான்லி, பால் ஹான்லி, சைமன் வுல்ஸ்டன்கிராஃப்ட், கடைசிக் காலக் கிட்டார்காரர் பீட் கிரீன்வே. ஐவரும் ஃபாலில் இருந்தவர்கள், ஆனால் ஐவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. மறுபடி இரண்டு டிரம்மர். பேஸ் தொடங்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டி இல்லை, போங்கோ இல்லை, ஸ்மித்தும் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் இருக்கிறது. நான் ஐந்து வருடமாகச் சொல்வது இதைத்தான்.

ஒலிநாடா | மே 2023

கேட்டேன். வாசிப்பு அருமை, மறுக்கவில்லை. பிராமா நல்ல பாடகர். அதுதான் எனக்குச் சிக்கல். குழு எங்கே போகிறதோ அங்கேயே குரலும் போகிறது. யாரும் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மனதில் பேஸ்தான் நிற்கிறது, ஒரு வரிகூட நிற்கவில்லை. ஸ்மித்தின் குடும்பத்தார் இதை ஃபாலின் தொடர்ச்சி என்று விளம்பரப்படுத்துவதை ஏற்கவில்லை என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

சுண்ணாம்பு | மே 2023

எனக்குப் புரியவில்லை. இருபது வருடம் ஒருவர் தன் விரலால் உண்டாக்கிய சத்தத்தைத் தன்னுடையது என்று சொல்லக்கூட யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்? ஹான்லி அண்ணன் தம்பிக்கு இந்த ரெக்கார்டு எப்போதோ வந்திருக்கவேண்டியது.

புதுக்காது | மே 2023

நான் இப்போது புதுக்காது இல்லை, பெயரை மாற்ற வழி தெரியவில்லை. இரண்டு கட்சிக்கும் ஒரு சோதனை: பீல் பெட்டியில் 1980, 81 செஷன்களைப் போட்டு, உடனே இந்த ஆல்பத்தைப் போடுங்கள். பேஸ் சத்தம் ஒன்றே. ஆனால் பழையதில் ஹான்லி கொஞ்சம் பயந்துகொண்டு வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் நிம்மதியாக வாசிக்கிறார். அவருக்கு எது நல்லது என்பது தெளிவு. எனக்கு எது பிடிக்கிறது என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நெறியாளர் | மே 2023

நல்ல விவாதம். ஆனால் இது மார்க் ஈ. ஸ்மித் நினைவு இழை. புதிய குழுவின் ஆல்பத்துக்குத் தனி இழை திறந்துவிட்டேன், கடைசி நாலு பதிவுகளையும் அங்கே நகலெடுத்திருக்கிறேன். அங்கே தொடரவும்.

மூணாவது_டிரம்மர் | மே 2023

சரி. நடு ராத்திரியில் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு நிகழ்ச்சியைத் தொடர்வது இந்த இழைக்குப் பொருத்தமான முறைதான்.